86 டாலரும் 85 ஆயிரமும்

கேள்வி: எனக்கு 31 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 85 ஆயிரம். ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் ஒன்றரை வருடத்தில் 11 லட்சம் லாபம் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தால் அந்தத் தளங்கள் மூடிவிட்டன. வேலையை விட்டுவிட்டு கோவா கேசினோக்களில் முழுநேரமாக ஆடலாம் என்று இருக்கிறேன். 86 டாலர் கட்டி 25 லட்சம் டாலர் ஜெயித்த கிரிஸ் மணிமேக்கரும் என்னைப்போல் சாதாரண சம்பளக்காரர்தானே? மனைவியிடம் இன்னும் பேசவில்லை. துணிந்து இறங்கலாமா?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: மனைவியிடம் சொல்வதற்கு முன் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறீர்கள். துணிச்சல் எங்கே குறைகிறது என்று அதிலேயே தெரிகிறது. அது இருக்கட்டும், மணிமேக்கருக்கு வருவோம்.

அவர் வேலையை விட்டுவிட்டுப் போய் ஜெயிக்கவில்லை. 2003-ல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றபோது டென்னஸியில் கணக்கராகத்தான் இருந்தார். விட்டது அதற்குப் பிறகு. மறு வருடம் 50 லட்சம் டாலர் ஜெயித்த கிரெக் ரேமரும் ஃபைசர் கம்பெனியில் காப்புரிமை வழக்கறிஞராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். நீங்கள் இந்தக் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. வேகாஸ் வாய்ப்புக்கான இணையத் தகுதிச் சுற்றில் நான்காம் இடத்துக்கு 8,000 டாலர் ரொக்கம். மணிமேக்கர் அந்த நான்காம் இடத்துக்குத்தான் ஆசைப்பட்டார். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தது, அதை அடைத்தால் போதும் என்று. நண்பர் ஒருவர் வம்படியாகப் பேசி மேலே தள்ளிவிட்டார். கடைசியில், ஜெயித்தால் வரும் பரிசில் அப்பாவுக்கும் நண்பருக்கும் பங்கு விற்றுவிட்டுத்தான் வேகாஸுக்குப் போய் உட்கார்ந்தார். உங்கள் நாயகன் எவ்வளவு பயந்த மனிதர் பாருங்கள். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இறுதியில் அவரும் சாம் ஃபார்ஹாவும் மட்டும். ஃபார்ஹா பழுத்த ஆட்டக்காரர். ஒரு கட்டத்தில், மேசையில் இருவருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டுகளில் பெரியது ஒன்பது. ஃபார்ஹா கையிலும் ஒரு ஒன்பது, ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். கலர் சேரும், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு அமையும் என்று காத்திருந்தார், கடைசிச் சீட்டு வரை சேரவில்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் சிப்புகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்துவிட்டு, ஜெயிக்கும் ஜோடியைக் கீழே போட்டு அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்த நிமிடத்தில் மணிமேக்கர் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர் அவருக்கு நிச்சயம். போட்ட முதல் 86. அப்படி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கை நடுங்காது. நீங்கள் கோவாவில் நடுவில் தள்ளப்போவது அடுத்த மாத வீட்டு வாடகையை. வாடகைப் பணத்தோடு ஆடுபவன் விட வேண்டிய கையை விடமாட்டான், தள்ள வேண்டிய இடத்தில் தள்ளமாட்டான். எதிரே இருப்பவனுக்கு அரை மணியில் அது தெரிந்துவிடும். இதுவரை நீங்கள் நன்றாக ஆடியிருந்தால் அதில் உங்கள் சம்பளத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது உங்கள் கணக்கு. 11 லட்சத்தை 18 மாதத்தால் வகுங்கள். மாதம் 61 ஆயிரம். சம்பளத்தைவிட 24 ஆயிரம் குறைவு, இதில் பி.எஃப். கிடையாது, ஆஸ்பத்திரிக் காப்பீடு கிடையாது. வரி போகவா, வரிக்கு முன்பா என்றும் நீங்கள் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்: எத்தனை கை, அதாவது எத்தனை சுற்று, ஆடினீர்கள்? தொழிலாக ஆடுபவர்கள் லாபத்தைச் சொல்லும்முன் அதைத்தான் சொல்வார்கள். நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம், அதுதான் அளவுகோல்) ஜெயிப்பவர் நல்ல ஆட்டக்காரர். அவர் 10,000 கை ஆடினால் 500 வர வேண்டும். ஆனால் அத்தனை கையில் ஏற்ற இறக்கம் மட்டுமே 900 பிளைண்ட் அளவுக்கு இருக்கும். அதாவது அவரைப்போன்ற பத்துப் பேரில் மூன்று பேர் 10,000 கை முடிந்தும் நஷ்டத்தில் இருப்பார்கள். மறுபக்கமும் பாருங்கள்: நூறு கைக்கு ஒரு பிளைண்ட் தோற்கும் சுமாரான ஆளும் அதே 10,000 கையில் லாபத்தோடு எழுந்திருக்க நூற்றுக்கு 45 வாய்ப்பு உண்டு. நீங்கள் இந்த இருவரில் யார் என்று 11 லட்சம் என்ற ஒற்றை எண்ணை வைத்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 30 கை வந்தாலே அதிகம். 10,000 கைக்கு வாரம் 30 மணி நேரம் வீதம் பதினோரு வாரம் ஆகும். மூன்று மாத வாடகை அதற்குள் வந்து நிற்கும்.

போக்கர் வெறும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவில்லை. திறமை ஆட்டம்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. சரி, திறமையே. ஆனால் அந்தத் திறமைக்குக் கூலி கொடுப்பது யார்? உங்களைவிட மோசமாக ஆடுபவர்கள். மணிமேக்கர் ஜெயித்த வருடம் அந்தப் போட்டிக்கு 839 பேர் வந்தார்கள். அவரைப் பார்த்துவிட்டு 2006-ல் 8,773 பேர் வந்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது அந்தக் கூட்டம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களின் மீது வழக்குப் போட்டதும் இணையத்தில் அது கலைந்தது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்ப வரத் தொடங்கியது 2014-ல்தான். சட்டத்தை ஏமாற்றி வெளிநாட்டுத் தளத்தில் ஆடலாம் என்று எவனாவது உங்கள் காதில் ஓதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் கதை அதுதான். புதிய சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை. உங்கள் 11 லட்சத்தைக் கொடுத்தவர்கள், ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்கள். அவர்களில் சிலர் வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாட்டுப் பேப்பர்களில் வாரா வாரம் படித்தோம். அதைப்பற்றி உங்களிடம் இப்போது பேசப்போவதில்லை. அவர்கள் யாரும் விமானம் ஏறிப் பனாஜிக்கு வரமாட்டார்கள். அங்கே மாண்டவி ஆற்றுக் கேசினோக் கப்பலில் எதிரே உட்காரப்போவது உங்களைப்போலவே தளத்தை இழந்து வந்தவர்கள். ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் கேசினோ ரேக் என்று ஒரு கமிஷன் எடுத்துக்கொள்ளும். சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. அறை வாடகை, விமானக் கட்டணம் எதையும் அதில் கழிக்க முடியாது. இந்த வியாபாரத்தை அருகிலிருந்து பார்த்த கோவா அரசு, 2020 பிப்ரவரியிலிருந்து சொந்த மாநிலத்து ஆட்களைக் கேசினோவுக்குள் விடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

மணிமேக்கர் பிறகு எப்படிப் பிழைத்தார் என்று கேட்பீர்கள். பரிசுக்குப் பிறகு ஏறக்குறைய 17 வருடம், 2020 கடைசி வரை, போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையப் போக்கர் கம்பெனியின் விளம்பர முகமாக இருந்தார். ஒப்பந்தப் பணம். சம்பளத்துக்குத் தம்பி முறை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மனைவியிடம் பேசுங்கள், பழைய ஆட்டக் கணக்கைத் திறந்து காட்டியே பேசுங்கள். பிறகு, வேலையில் இருந்துகொண்டே நீண்ட விடுமுறைகளில் கோவா போய் ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம், என்ன வந்தது, என்ன போனது, டிக்கெட் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஆட்ட முதலை வீட்டுப் பணத்தோடு சேர்க்காமல் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். உட்காரும் மேசைக்குத் தேவையான தொகையைப்போல் முப்பது மடங்காவது அதில் இருக்கட்டும். இரண்டு வருட வீட்டுச் செலவு மனைவி பெயரில் டெபாசிட்டில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஆசை குறையவில்லை என்றால் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். ஹெச்.ஆர். காரணம் கேட்டால் சொந்த வேலை என்று சொன்னால் போதும், போக்கர் என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.