வகுப்பில் அதிகம் பேசுவது யார்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிகளில் பெண் பிள்ளைகள் பற்றி எழுதும்போது போன இதழில் மைரா சாட்கர் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். யார் அவர்? (ஒரு வாசகி, விருதுநகர்)

அமெரிக்கக் கல்வியியல் பேராசிரியர். 1943-ல் மெயின் மாநிலத்து அகஸ்டாவில் பிறந்தவர். பாஸ்டன், ஹார்வர்டு என்று படித்து முடித்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார், கணவர் டேவிட்டும் அங்கேயே அதே படிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய கட்டுரை வெளியே போனதும் ‘டேவிட்டின் கட்டுரை’ ஆகிவிடும். பேராசிரியர்களும் கூடப் படிப்பவர்களும் அதைப் பற்றி டேவிட்டிடம்தான் பேசுவார்கள், பக்கத்தில் நிற்கும் மைராவிடம் யாரும் கேட்க மாட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்தில், அதுவும் கல்வியைப் பற்றியே படிக்கிற ஒரு துறையில் இப்படி நடந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மைரா இதை வீட்டோடு புலம்பி விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளுக்கு நடக்கும் பாரபட்சம் பற்றி 1973-ல் நான்சி ஃப்ரேசியருடன் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார். அந்த விஷயத்தில் முதலில் வந்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், கல்விப் புலத்துக்கு டீன். வகுப்பறை ஆராய்ச்சி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல் எழுதுவது என்று கடைசிவரை ஓயவில்லை.

கேள்வி: பெண்களுக்குச் சமவாய்ப்பு தரச் சட்டம் வந்த பிறகும் அமெரிக்காவில் இவருக்கு என்ன வேலை மிச்சம் இருந்தது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

நிறைய இருந்தது. அரசு பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அங்கே 1972-ல் வந்தது. ‘டைட்டில் நைன்’ என்பார்கள். இன்ன படிப்பில் பெண்ணைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாமல் போனது அதனால்தான். ஆனால் சேர்ந்த பெண் வகுப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகு, அந்த நாற்பது ஐம்பது நிமிடத்தில் டீச்சரின் கவனம் யார் பக்கம் போகிறது என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கும்? மைரா அதைத்தான் எண்ணிப் பார்க்க இறங்கினார்.

1980-களின் தொடக்கத்தில், மூன்று ஆண்டுகள், நான்கு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்பறைகள். 4, 6, 8-ஆம் வகுப்புகள். பயிற்சி கொடுக்கப்பட்ட ஆட்கள் வகுப்பில் உட்கார்ந்து, யார் பேசினார்கள், டீச்சர் கூப்பிட்டுப் பேசினார்களா அல்லது தானாகக் கத்திச் சொன்னார்களா, அதற்கு டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். பையன்கள் கையைத் தூக்காமலே பதிலைக் கத்துவது பெண்களைவிட எட்டு மடங்கு அதிகம் என்று முடிவு வந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. பையன் கத்தினால் டீச்சர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வார், பெண் அதையே செய்தால் ‘பேசணும்னா கையைத் தூக்கு’ என்று சொல்லிவிடுவார். ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், இரண்டு விதி. டீச்சருக்கே அது தெரியாது என்பதுதான் கொடுமை.

தெரியாது என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வகுப்பு விவாதத்தைப் படம் பிடித்து ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் போட்டுக் காட்டி, இதில் யார் அதிகம் பேசினார்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சொன்ன பதில், பெண்கள். படத்தில் பையன்கள் பேசியதோ பெண்களைப்போல் மூன்று மடங்கு.

கேள்வி: இங்கே பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் ஒவ்வொரு வருடமும் மாணவிகள்தான் தேர்ச்சியில் முந்துகிறார்கள். அப்புறம் எங்கே பாரபட்சம்? எட்டு மடங்கு என்பதெல்லாம் நம்பும்படியாகவா இருக்கிறது? (ஒரு வாசகர், ஈரோடு)

நியாயமான கேள்விதான், முதல் பாதிக்கு மைராவே பதில் சொல்லியிருக்கிறார். பெண் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அமைதியாக இருந்து, சொன்னதைச் செய்து, நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் பெண்ணுக்குப் பள்ளி நல்ல மார்க் கொடுக்கிறது, அந்த அமைதி காரணமாகவே அவளிடம் கேள்வி கேட்பதையும் குறைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர் வாதம். எதிர்த்துக் கேட்கவும், தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்ளவும் பழகாமலே அவள் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வருகிறாள். நம் ஊர் ரிசல்ட்டை வைத்துப் பெருமைப்படும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். அந்த எட்டு மடங்கு கணக்கை அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டினா ஹாஃப் சோமர்ஸ் போன்றவர்கள் அப்போதே கடுமையாக விமர்சித்தார்கள், மூலத் தரவு எங்கே என்று கேட்டார்கள். அதனால் அந்த ஒரு எண்ணைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2004-ல் வந்தது. ஆசிரியர்கள் பையன்களிடம்தான் அதிகம் பேசுகிறார்கள், ஆனால் அந்தக் கூடுதல் பேச்சில் திட்டும் கண்டிப்பும்தான் அதிகம், பாராட்டில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை என்றது அது. அதாவது பையனுக்கும் இதில் பெரிய லாபமில்லை. மைரா இதை முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பிரச்சினையாகப் பார்த்தார் என்பது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை, அன்றைக்கு அதைப் பேச ஆள் குறைவு.

கேள்வி: இப்போதும் எழுதுகிறாரா? (ஒரு மாணவி, சேலம்)

இல்லை, 1995 மார்ச்சில் மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட்டார். அமெரிக்கப் பள்ளிகள் பெண் குழந்தைகளை எப்படி வஞ்சிக்கின்றன என்று டேவிட்டும் அவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. வேலை நிற்கவில்லை. டேவிட், கேரன் சிட்டில்மேனுடன் சேர்ந்து அதைப் புதுப்பித்து 2009-ல் வெளியிட்டார்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் நான் என்ன செய்யட்டும்? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

முதலில் உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள் டீச்சர். குறுகிய காலப் பயிற்சியிலேயே ஆசிரியர்கள் மாறிவிடுகிறார்கள் என்பதுதான் சாட்கர் தம்பதியர் கண்ட நல்ல செய்தி. கேள்வி கேட்டுவிட்டு உடனே முதல் கையைப் பார்த்து ‘சொல்லு’ என்று சொல்லிவிடாமல் மூன்று முதல் ஐந்து வினாடி சும்மா நில்லுங்கள். நிற்கும்போது அது ரொம்ப நீளமாகத் தெரியும், பரவாயில்லை, மூன்றாவது பெஞ்சில் தயங்கிக்கொண்டிருக்கும் பெண் கையைத் தூக்குவது அந்த நேரத்தில்தான். சொன்ன பதிலுக்கு ‘ம், சரி’ என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். அமெரிக்க ஆய்வில் ஆசிரியர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் இந்த ‘ம், சரி’தான், அதில் எந்தப் பிள்ளையும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஏன் சரி, எங்கே தப்பு, இன்னொரு முறை யோசி என்று சொல்லுங்கள், பெண் பிள்ளைக்கும் சேர்த்து. உங்கள் சக ஆசிரியை ஒருவரை ஒரு பீரியட் உட்காரச் சொல்லி, நீங்கள் யார் பெயரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கோடு போட்டு எண்ணச் சொன்னால் நிலவரம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்யலாம். சாட்கர் தம்பதியர் மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, அமெரிக்க வரலாற்றில் இருபது பெண்களின் பெயரை எழுதுங்கள் என்பார்கள். சினிமா நட்சத்திரங்களும் விளையாட்டு வீராங்கனைகளும் கூடாது. பெரும்பாலானவர்களால் முடியாது. உங்கள் வகுப்பில் நம் நாட்டுப் பெண்களை வைத்து இதைச் செய்து பாருங்கள், அறிவியல் பீரியடுதானே என்று தயங்க வேண்டாம். எத்தனை பெயர் வந்தது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.