காற்று சும்மா போகிறது

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடிவிட்டது. பக்கத்து நாடான பிரான்ஸ் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தை அணு உலைகளில்தான் எடுக்கிறது. கார்பன் உமிழ்வைக் குறைப்போம் என்று இருவருமே உறுதி கொடுத்தவர்கள். யார் வழி சரி? இந்தியா தன் 2030 தூய மின்சார இலக்கை ஐந்து வருடம் முன்பே எட்டிவிட்டதால் நமக்கு இந்தச் சண்டையே தேவையில்லை என்பது பொறியியல் மாணவனான என் எண்ணம்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

நிலக்கரியை வைத்துக்கொண்டு ஜெர்மனி அணு உலையை முதலில் மூடியது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின் கதிர்வீச்சு மழையோடு தங்கள் மண்ணில் இறங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை மதிக்கிறேன். 1973 எண்ணெய் விலையேற்றத்தில் அடிபட்ட பிரான்ஸுக்கு வேறு பயம். சரி, அது அவர்கள் பாடு.

‘எட்டிவிட்டது’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். பொறியியல் படிக்கிறவர் இப்படி எழுதலாமா? 2025இல் நாம் எட்டியது, கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்சாரம் நிறுவுதிறனில் பாதி என்ற அளவை. எல்லா இயந்திரமும் முழு அளவில் ஓடினால் எவ்வளவு வரும் என்ற கணக்கு அது. உண்மையில் கிடைக்கும் யூனிட்டுகளில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. சூரியத் தகடு ராத்திரியில் சும்மா கிடக்கும். காற்றாலைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம். அனல் மின் நிலையமோ இரவும் பகலும் எரியும். புகை வருவது எரித்த கரியிலிருந்து. அதைக் கணக்குப் பாருங்கள்.

என் மாமா ஒருவர் குமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலை வாட்ச்மேனாக இருந்தார். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சைக்கிளை எதிர்க்காற்றில் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நாளில் அவரைப் பார்க்கப் போனேன். வரிசையாக இறக்கைகள் சுற்றாமல் நின்றிருந்தன. மின் லைன் தாங்காது, நிறுத்து என்று போன் வந்திருக்கிறது. “இந்தக் காத்து சும்மா போகுது, பாத்தியா மக்கா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நட்டம் அவருடையதல்ல, சம்பளமும் குறையப்போவதில்லை. ஆனாலும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

அங்கே இன்றும் 250 கிலோவாட் அளவுள்ள பழைய இயந்திரங்கள் குட்டைக் கோபுரங்களில் நிற்கின்றன. இப்போது ஒரே இயந்திரம் 3 மெகாவாட் தரும், 100 மீட்டருக்கு மேல் உயரத்தில். உயரம் கூடினால் காற்றின் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடத்தைச் சின்ன இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன! பழையதை மாற்றுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் பல பேர் கையில் துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்தைச் சேர்க்க வேண்டும், துணை மின்நிலையமும் லைனும் புதிதாக வேண்டும். இதைச் செய்யாமல் தகடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சதவீதம் ஏறும், கரி குறையாது.

2070இல் நிகர உமிழ்வு பூச்சியம் என்று 2021இல் கிளாஸ்கோவில் சொன்னோம். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். நீங்கள் இருப்பீர்கள், அதனால்தான் கோபப்படுகிறேன். அடுத்த ஆடியில் நாகர்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறி முப்பந்தலில் இறங்குங்கள். எத்தனை இறக்கைகள் நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.