வட்டியை ஏற்றினால் பெட்ரோல் விலை இறங்குமா?

கேள்வி: பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுகிறது. என் வீட்டுக் கடன் தவணை கூடினால் பெட்ரோல் எப்படி ஐயா மலிவாகும்?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மலிவாகாது; ரிசர்வ் வங்கியும் அப்படிச் சொல்வதில்லை. உலகச் சந்தை விலை, டாலருக்கு எதிரான ராண்டின் மதிப்பு, அரசு விதிக்கும் தீர்வைகள் ஆகியவற்றைக் கொண்டு பெட்ரோல் விலை கணக்கிடப்பட்டு, மாதத்தின் முதல் புதன்கிழமை மாற்றியமைக்கப்படுகிறது. வட்டி கூடினால் வெளிநாட்டு முதலீடு வந்து ராண்ட் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

வங்கி அஞ்சுவது அடுத்த கட்டத்துக்கு. லாரி வாடகை ஏறி, அதனால் காய்கறி விலை ஏறி, அதைக் காட்டித் தொழிற்சங்கங்கள் கூடுதல் ஊதியம் கேட்டு, அதை ஈடுகட்ட நிறுவனங்கள் மறுபடியும் விலையை உயர்த்தும் சுழற்சி தொடங்கிவிட்டால், பின்னர் பெட்ரோல் இறங்கினாலும் மற்ற விலைகள் இறங்கா. மக்கள் கையில் செலவழிக்கப் பணம் குறைந்தால் வியாபாரிகள் விலையேற்றத் தயங்குவார்கள் என்பதே வங்கியின் கணக்கு.

2021 நவம்பர் தொடக்கத்தில் 3.5 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), 2023 மே மாதத்தில் 8.25 விழுக்காட்டை எட்டியது. வங்கிகள் வாடிக்கையாளர் கடனுக்கு அடிப்படையாகக் கொள்ளும் பிரைம் வட்டி அதைவிட 3.5 புள்ளிகள் கூடுதல் என்பதால் 7 விழுக்காடு 11.75 ஆனது. பிரைம் வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிய 10 லட்சம் ராண்ட் கடனுக்கு, மாதத் தவணை சுமார் 7,750 ராண்டிலிருந்து 10,840 ராண்டாகிவிடும். 2022 ஜூலையில் 7.8 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 2023 ஜூனில் 5.4 ஆகக் குறைந்து, 3 முதல் 6 வரை என்ற அன்றைய இலக்குக்குள் வந்தது உண்மைதான். ஆனால் இடையில் கச்சா எண்ணெய் விலை சரிந்ததற்கும் அதில் பங்குண்டு. விலையேற்றத்தை அடக்கும் செலவில் பெரும்பங்கு உங்களைப் போன்ற கடன்காரர்கள் தலையில் விழுகிறது என்ற உங்கள் மனக்குறை நியாயமானதே.

பெட்ரோல் விலையை நேரடியாகத் தொடக்கூடியது நிதியமைச்சகம். 2022 ஏப்ரலில் அது எரிபொருள் தீர்வையை லிட்டருக்கு 1.50 ராண்ட் தற்காலிகமாகக் குறைத்தது. நிவாரணம் உடனே கிடைத்தது. அரசுக்கு வருவாயும் உடனே குறைந்தது.

கேள்வி: பள்ளி இறுதியாண்டில் படிக்கும் என் மகள் பொருளாதாரம் கற்க விரும்புகிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: கடை ரசீதிலிருந்து. பழுப்பு ரொட்டிக்கு வாட் வரி இல்லை, வெள்ளை ரொட்டிக்கு 15 விழுக்காடு உண்டு. ஏன் என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். பிறகு பிப்ரவரி வரவு செலவுத் திட்ட உரையையும், வட்டி முடிவை ஒட்டி ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு ஆறு முறை வெளியிடும் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். பாடநூலை அதன் பின் திறந்தால் போதும்.