ஜான் மெக்லாய்: தேர்தலில் நிற்காமலே செல்வாக்கு

கேள்வி: மெக்லாய் பணக்கார வீட்டுப் பிள்ளையா?

இல்லை. இந்த அமெரிக்க வக்கீல் 1895-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா வசதியான பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து வளர்த்தார். 1921-இல் ஹார்வர்டில் சட்டம் முடித்தார்.

கேள்வி: வக்கீல் எப்படி அரசாங்கத்துக்குள் போனார்?

ஒரு வழக்கு. 1916 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில் பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அது ஜெர்மன் நாசவேலை என்று நிரூபிக்கப் பல வருடம் சாட்சி தேடி அலைந்தார். 1939-இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. ஜெர்மன் உளவு பற்றி இவ்வளவு தெரிந்த ஆளைப் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் விடுவாரா? 1941-இல் உதவி அமைச்சராக்கிக்கொண்டார்.

கேள்வி: உலக வங்கியில் என்ன செய்தார்?

1947-இல் அவர் தலைவரானபோது அது ஒரு கடன்கூடக் கொடுத்திருக்கவில்லை. முந்தைய தலைவர் ஆறே மாதத்தில் விலகியிருந்தார். பிரான்ஸ் 50 கோடி டாலர் கேட்டது, 25 கோடி கிடைத்தது. அதுதான் முதல் கடன். பின்னாளில் சேஸ் வங்கியின் தலைவராகவும் இருந்தார்.

கேள்வி: ஜெர்மன் ஆயுதத் தொழிலதிபர் க்ரூப்பை ஏன் விடுவித்தார்?

1949 முதல் 1952 வரை, போரில் தோற்ற மேற்கு ஜெர்மனியில் அமெரிக்காவின் தலைமை அதிகாரி, அதாவது உயர் ஆணையர், அவர்தான். அடிமை உழைப்பு வாங்கிய குற்றத்துக்கு 12 வருடத் தண்டனை பெற்ற ஆல்ஃப்ரீட் க்ரூப், 1951-இல் வெளியே வந்தார், சொத்தும் திரும்பியது. கொரியப் போர் நேரம், ஜெர்மனியின் தயவு தேவைப்பட்டது என்பார்கள். எனக்கு இது பாதிதான் ஒப்புதல். அதே சமயத்தில் நாஜிப் போர்க் குற்றவாளிகள் ஐந்து பேரின் மரண தண்டனையையும் அவர் உறுதிசெய்தார். ஆனால் தொழிலதிபர்களிடம் கை இளகியது நிஜம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்ததில் அவருக்குப் பங்கு உண்டா?

பெரிய பங்கு. சுமார் 1,20,000 பேர், அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1981-இல் விசாரணை ஆணையத்தின் முன் 86 வயதில் வந்து அதை நியாயப்படுத்தினார். பேச்சுவாக்கில், பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலுக்குப் ‘பதிலடி’ என்ற பொருளில் ஒரு சொல் விழுந்துவிட்டது. ஆணையத்தில் இருந்த நீதிபதி மருதானி, இளம் வயதில் முகாமில் அடைபட்டவர், அதைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் அல்லவா? மெக்லாய் சொல்லைத்தான் மாற்றினார்: ‘விளைவு’ என்றார்.