மலைமேல் ரிப்பீட்டருக்கு என்ன கோளாறு? கேள்வி பதில்

போடிமெட்டிலிருந்து குமுளி வரை மலையின் இரண்டு பக்கமும் உள்ள ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் ரிப்பீட்டர் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும் பெட்டி. 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் அருகே) இரண்டுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணமாக, 145.000 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 145.600இல் கேட்கும்.

கம்பத்திலிருந்து: அண்ணே, எங்கள் ரிப்பீட்டர் கூடலூர், சின்னமனூர் வரை கணீரென்று கேட்கிறது. ஆனால் ஹேண்டியில் (கையடக்க செட்டில்) கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் டக், டக் என்று ஏறி ஏறி இறங்குகிறது. போன வருஷம் இதே இடத்தில் இதே ஹேண்டியில் பேசிக்கொண்டிருந்தோம். ரிசீவரை மாற்றிவிடலாமா?

ரிசீவரைத் தொடாதீர்கள் தம்பி. அந்த 'டக் டக்'கே பாதி நோயைச் சொல்லிவிட்டது. உங்கள் ஹேண்டியின் மெல்லிய சிக்னல் ரிசீவரைத் திறக்கிறது. உடனே டிரான்ஸ்மிட்டர் எழுகிறது. அதன் இரைச்சலில் உங்கள் சிக்னல் மூழ்குகிறது, ரிசீவர் மூடிக்கொள்கிறது, டிரான்ஸ்மிட்டர் விழுகிறது. அமைதியானதும் ரிசீவருக்கு நீங்கள் மறுபடி கேட்கிறீர்கள். இதற்கு டீசென்ஸ் என்று பெயர்.

கணக்கைப் பார்த்தால் ரிப்பீட்டர் வேலை செய்வதே ஆச்சரியம். நல்ல ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட்டைக் கேட்கும். அதே ஆன்டெனாவில் அதே நேரத்தில் 40 வாட் வெளியே போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 165 டெசிபல். தவில்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டு தெருக்கோடியில் முணுமுணுப்பவரைக் கேட்கிற கதை. இதைச் சாத்தியமாக்குவது, ஒரே ஆன்டெனாவில் போவதையும் வருவதையும் பிரிக்கும் டியூப்ளெக்சரின் கேவிட்டிகள், அதாவது வேண்டிய அலைவரிசையை விட்டு மற்றதைத் தடுக்கும் உலோக உருளைகள். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அவை 85, 90 டெசிபல் அளவுக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும். மீதியை ரிசீவரின் சொந்தத் தேர்வுத்திறன் பார்த்துக்கொள்ளும்.

இனி சோதனை. டிரான்ஸ்மிட்டரை எழவிடாமல் நிறுத்தி வையுங்கள். கீழே ஒரு நண்பரை மிகக் குறைந்த பவரில் பேசச் சொல்லி, ரிசீவரின் ஸ்பீக்கரில் நேராகக் கேளுங்கள். கொஞ்சம் இரைச்சலோடு வார்த்தை புரிகிற அளவில் அவரை வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரைக் கையால் அழுத்துங்கள். குரல் மாறவே இல்லை என்றால் டீசென்ஸ் இல்லை. இரைச்சல் ஏறினால் உண்டு.

உண்டு என்றால் அடுத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றி டியூப்ளெக்சரின் பொது வாயில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வெப்பமாக்கும் சுமை) மாட்டுங்கள். அப்போது சிக்னல் எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். நடு ஊசி தொடாமல் செய்த டி கனெக்டர் ஒன்றை இடையில் வைத்து, அதன் பக்க வாய் வழியாக சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து கசியவிட வேண்டும். இப்போது டீசென்ஸ் மறைந்துவிட்டால் பெட்டி நல்லது, கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோ டவரிலோ இருக்கிறது. அப்படியே நீடித்தால் டியூப்ளெக்சர், அல்லது பெட்டிக்குள் ஓடும் சின்ன கேபிள்கள்.

போன வருஷம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது டவரை. துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கிளாம்ப், அலுமினியமும் இரும்பும் ஒட்டி அரித்துப்போன இடம், காற்றில் உரசும் ஸ்டே கம்பி, இவை எல்லாம் உங்கள் 40 வாட்டை வாங்கி டையோடு மாதிரி வேலை செய்து அகன்ற இரைச்சலாகத் திருப்பித் தரும். காற்று அடிக்கும்போது மட்டும் கரகரப்பு ஏறினால் கிட்டத்தட்ட உறுதி. பெட்டிக்குள் என்றால், டிரான்ஸ்மிட் ஓடும்போது ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒற்றை வலை கொண்ட ஆர்ஜி-58 கேபிள் துண்டும், நிக்கல் முலாம் பூசிய மலிவு அடாப்டரும் ரிப்பீட்டருக்குள் இருக்கவே கூடாது. இரட்டை வலை உள்ள ஆர்ஜி-223 அல்லது ஆர்ஜி-400 போடுங்கள்.

அவரே மறுபடி: பவரை 10 வாட்டாகக் குறைத்தால் கொஞ்சம் சரியாகிறது அண்ணே. அப்படியே விட்டுவிடலாமா?

நோயை மறைக்கலாம், தீராது. ஆனால் சரிசெய்யும் வரை அப்படியே ஓட்டுங்கள். 40இலிருந்து 10 என்பது 6 டெசிபல், சிக்னல் மீட்டரில் ஒரு படி (எஸ் யூனிட்). பள்ளத்தாக்கில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் பக்கத்தில் பவரை ஏற்றுவதில் ஒரு வீம்பு இருக்கிறது. ரிப்பீட்டருக்குக் காதுதான் முக்கியம், வாய் அல்ல.

குமுளியிலிருந்து: ஓஎம் (ஹாம் பாஷையில் அண்ணே), ஜூன் மழைக்குப் பிறகு ரீச் பாதியாகிவிட்டது. எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) பார்த்தால் 1.1. முன்பைவிட நன்றாக இருக்கிறது! ஆன்டெனா சரிதானே?

'முன்பைவிட நன்றாக' என்பதுதான் பயப்பட வேண்டிய இடம். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பவர் மேலே போகும் வழியில் பாதி வெப்பமாகிறது, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவதில் மறுபடி பாதி. கீழே உள்ள மீட்டருக்குத் திரும்பி வந்ததே தெரிவதில்லை, அதனால் சிரிக்கிறது.

நானோ விஎன்ஏ (கேபிளையும் ஆன்டெனாவையும் அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. மேலே ஆன்டெனாவைக் கழற்றி கேபிள் முனையைத் திறந்தே விடுங்கள். கீழே ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பியதில் ஆன இழப்பு) பாருங்கள். அதில் பாதி, ஒரு வழி இழப்பு. 30 மீட்டர் ஆர்ஜி-213க்கு 145 மெகாஹெர்ட்ஸில் இரண்டரை, மூன்று டெசிபல் இழப்பு நியாயம். அதாவது மீட்டர் 5, 6 காட்டலாம். 12 காட்டினால் ஒரு வழியில் 6 டெசிபல் போகிறது, 40 வாட்டில் 10 வாட்தான் மேலே சேர்கிறது. மேலே ஆன்டெனாவே இல்லாதபோதும் அந்தக் கேபிள் 1.7 எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடும் யோசனை வேண்டாம். கனெக்டரை வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு வலை கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் மொத்தமும் போச்சு. புதிதாகப் போடும்போது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு பிவிசி டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வதுபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைத் தாழ்த்தி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நெடுங்கண்டத்திலிருந்து: டியூப்ளெக்சரை நானே ட்யூன் செய்யலாமா சார்? ஆன்லைனில் வாங்கிய சின்ன கறுப்பு டியூப்ளெக்சர் 2 மீட்டருக்கு ஆகுமா?

இரண்டாவதற்கு முதலில்: பெரும்பாலும் ஆகாது. அந்தத் தட்டைப் பெட்டிகள் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் போல இருக்கும் யுஎச்எஃப் (2 மீட்டரைவிட உயர்ந்த அலைவரிசை) வேலைக்கானவை. 2 மீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸுக்கு ஆளுயரத்தில் பாதி நிற்கும் கேவிட்டிகள்தான் வேண்டும்.

ட்யூன் செய்யலாம், ஆனால் அது கடைசி வேலை. பூட்டு நட் தளராத கேவிட்டி தானாக நகர்வது அபூர்வம். ரீச் குறைந்ததும் பலர் முதலில் கை வைப்பது அந்தத் திருகில்தான், அதற்கப்புறம் இரண்டு கோளாறு ஆகிவிடும். அவசியம் என்றால் ஒவ்வொரு கேவிட்டியாகக் கழற்றி, தனியாக அளந்து, பள்ளம் (அதிகம் தடுக்கும் இடம்) எந்த அலைவரிசையில் விழுகிறது என்று பாருங்கள். பழைய நானோ விஎன்ஏ அளக்கும் ஆழம் 70 டெசிபல் அளவில் நின்றுவிடும், சேர்த்து மாட்டிய மொத்தப் பள்ளத்தை அது காட்டாது. கேவிட்டிகளுக்கு இடையே உள்ள கேபிளையும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. கால் அலைநீளம் 145இல் சுமார் 52 செ.மீ., ஆர்ஜி-213இன் வேக விகிதமான 0.66ஆல் பெருக்கினால் 34. கனெக்டரின் நீளமும் அதற்குள் அடக்கம்.

போடியிலிருந்து: 100 ஹெர்ட்ஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்க குரலோடு அனுப்பும் தாழ்ந்த ஒலி) வைத்திருக்கிறோம். யாரும் பேசாமலே சில நேரம் திறக்கிறது.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையருக்குப் பிறகு மிஞ்சும் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். டோனைத் தேடும் டிகோடர் அதையும் டோன் என்று நம்பிவிடும். பவர் சப்ளை கபாசிட்டரைப் பாருங்கள், டோனையும் மாற்றுங்கள். 97.4, 103.5 இரண்டும் ரொம்பப் பக்கம், தள்ளி எடுங்கள்.

தேவாரத்திலிருந்து: கோடையில் விடியற்காலை எங்கோ தூரத்து ஆட்கள் எங்கள் ரிப்பீட்டரில் நுழைகிறார்கள். பழுதா?

இல்லை, காற்றடுக்கின் வேலை. மேலே வெப்பக் காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று தலைகீழாகப் படியும்போது 2 மீட்டர் போன்ற விஎச்எஃப் அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடும். வெயில் ஏறினால் போய்விடும். டோன் போடுங்கள், இல்லை என்றால் அவர்களோடு பேசுங்கள்.

பூப்பாறையிலிருந்து: சோலாரில் ஓடும் ரிப்பீட்டர். ஜூலையில் இரவு பத்து மணிக்கெல்லாம் அணைந்துவிடுகிறது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, நல்லதுதானே சார்?

சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிரான்ஸ்மிட்டரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பேட்டரி முனையிலும் செட்டின் முனையிலும் அளந்து பாருங்கள். பேட்டரி முனையிலேயே 11க்குக் கீழ் சரிந்தால் பேட்டரி போச்சு. அங்கே 12.3, செட்டில் 11 என்றால் நடுவில் வயர் மெலிதாக இருக்கிறது அல்லது ஃபியூஸ் ஹோல்டர் கருகியிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரை (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) எடுத்து ஆறு அறையையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் 1.15இல் நின்றால் அதுதான் குற்றவாளி.

கொள்ளளவுக் கணக்கு சுலபம். கேட்கும் நிலையில் அரை ஆம்பியர் என்றால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி. 8 ஆம்பியரில் இரண்டு மணி நேரம் பேச்சு, 16. ஆக 28. தென்மேற்குப் பருவமழையில் நாலு நாள் வெயில் வராது என்று வைத்தால் 112. லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, எனவே 220க்கு மேல் வேண்டும். அவ்வளவு எடையைத் தலைச்சுமையாக ஏற்ற ஆள் கிடைக்காவிட்டால் பவரைக் குறைப்பதே வழி.

இன்னொன்று. பகலில் மட்டும் காது மந்தமானால் பேனல் வயரைக் கழற்றிப் பாருங்கள். மலிவு சார்ஜ் கண்ட்ரோலர்கள் விஎச்எஃபில் நன்றாக இரையும்.

வண்டன்மேட்டிலிருந்து: ஏலத்தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஆன்லைனில் வாங்கிய வாக்கி டாக்கிகளோடு ஒரு சின்ன ரிப்பீட்டர் வைத்துத் தரமுடியுமா?

முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தோட்ட வேலை வணிகம், ஹாம் அலைவரிசையில் அதற்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் பயன்படுத்த 446 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தி கைக்கருவிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு, ரிப்பீட்டருக்கு இல்லை. தோட்டத்துக்கென்று ரிப்பீட்டர் வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் விண்ணப்பித்து அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் வாங்க வேண்டும். ஒரு மேட்டில் ஆளை நிறுத்தி வாய்வழியாகச் சேதி கடத்துவதற்கு எந்த உரிமமும் வேண்டாம், பல தோட்டங்களில் அதுதான் நடக்கிறது.

மறையூரிலிருந்து: ஏப்ரல் இடியில் ரிசீவர் முன்பகுதி போய்விட்டது. இடிதாங்கி இருந்தும் எப்படி?

இடிதாங்கிக்கு ஓர் எர்த், கேபிளுக்கு ஓர் எர்த், கரண்டுக்கு ஓர் எர்த் என்று தனித்தனியே குழி தோண்டியிருப்பீர்கள். இடி விழும் நொடியில் மூன்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும், அது கடந்து போகும் பாதை உங்கள் ரிசீவர். மூன்றையும் தடித்த பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். கேபிளின் வெளிவலையை டவரின் உச்சியிலும் அடியிலும் டவரோடு இணைத்து, அறைக்குள் நுழையும் இடத்தில் ஓர் அரெஸ்டர் (மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வையுங்கள். பாறையில் குழி ஆழம் போகாது, அதனால் நாலு பக்கமும் பட்டையைப் பரப்பிப் புதையுங்கள். கரண்ட் லைன் வழியாக வருவதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும், இந்த மலையில் செட் போவதற்கு டவரைவிட லைன்தான் பெரும்பாலும் காரணம். ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். வேலை இல்லாதபோது கேபிளைக் கழற்றி வைப்பதற்கு இணையான பாதுகாப்பு எதுவும் இல்லை, நேரடி இடிக்கு அரெஸ்டரும் சேர்ந்து போகும்.

உத்தமபாளையத்திலிருந்து, கல்லூரி மாணவி: சார், இப்போதுதான் உரிமம் வாங்கினேன். அடுத்த வாரம் சீனியர்களோடு சின்னக்கானல் பக்கம் சர்வீஸுக்குப் போகிறோம். என்ன எடுத்து வரட்டும்?

வாழ்த்துகள் அம்மா. வாட் மீட்டர், 50 ஓம் டம்மி லோடு, மல்டிமீட்டர், இரண்டு ஹேண்டி, தயாராகச் செய்த, N வகை கனெக்டர் மாட்டிய கேபிள்கள். சீனியர்களிடம் இவை இருக்கும், ஆனால் டம்மி லோடை மறந்துவிட்டு வருவார்கள், நீங்கள் கேட்டு வையுங்கள். பிளாஷ் லைட், ரப்பர் டேப், ஒரு பிரஷ். எறும்பும் எலியும் பெட்டிக்குள் குடியேறியிருக்கும், கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் கம்பி வலையும் வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்பு.

போனதும் எதையும் கழற்றும் முன் அளவுகளை எழுதுங்கள்: போகும் பவர், திரும்பும் பவர், டிரான்ஸ்மிட் கரண்ட், பேட்டரி வோல்ட், டியூப்ளெக்சருக்கு முன்னும் பின்னும் வாட். டியூப்ளெக்சரில் ஒன்றரை டெசிபல் போவது சகஜம், 40 உள்ளே போனால் 28 வெளியே வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தேதி போட்டு ஒரு தாளில் எழுதி பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாலு மணிக்குள் இறங்கப் பாருங்கள், அந்தப் பாதையில் மாலை யானைக்குத்தான் முன்னுரிமை.