பழைய விளையாட்டுக்குப் புது எஞ்சின்: கவுண்டர் நோட்டீஸ் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்குக் கீழக்கரை. வாப்பா 2005-ல் துபாயிலிருந்து வாங்கி வந்த கார் பந்தய விளையாட்டு இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடாது. ஒன்பது பேர் சேர்ந்து நான்கு வருடம் உழைத்து அதற்குப் புது எஞ்சின் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்) எழுதி, யாரும் நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கொடுத்தோம். மண்டபத்துத் தம்பி ஒருவர் பாம்பன் பாலத்தையே பந்தயப் பாதையாக்கி ஒரு மாட் (ஆடுபவரே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்தார். கம்பெனி அந்த விளையாட்டை விற்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் புகார் கொடுத்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள். டெல்லி வக்கீல் நோட்டீசும், ஒரு சமரசப் பத்திரமும் வந்திருக்கின்றன. ஒரு ரூபாய் சம்பாதிக்கவில்லை. முடக்கியது தவறு, திரும்பப் போடுங்கள் என்று கிட்ஹப்புக்குக் கவுண்டர் நோட்டீஸ் கொடுக்கலாம்தானே?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி.

நீங்கள் அனுப்பிய கோப்புப் பட்டியலில் 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கார் படங்கள், பாதைகள், ஹாரன் சத்தம் வரை குறுந்தட்டில் இருந்தபடியே அதில் கிடக்கின்றன. வழக்கு அந்த ஃபோல்டரில்தான். விற்பதை நிறுத்தியதால் பதிப்புரிமை போய்விடாது.

எஞ்சின் விஷயத்தில் உங்களுக்குப் பிடிமானம் உண்டு. முறையாக வாங்கி வைத்திருக்கும் மென்பொருளோடு, தனியாக எழுதிய நிரல் இணைந்து இயங்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதை ஆராய்ந்து எடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ab) பிரிவு இடம் தருகிறது. வாப்பாவின் குறுந்தட்டும் அட்டைப்பெட்டியும்தான் அதற்குச் சாட்சி; கீறல் விழுந்திருந்தாலும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மாரோவிண்ட் என்ற பழைய விளையாட்டுக்கு இப்படி எழுதப்பட்ட ஓப்பன்எம்டபிள்யூ, எஞ்சினை மட்டும்தான் கொடுக்கிறது. மாரோவிண்ட் கோப்புகளை ஆடுபவர்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். நீங்கள் தவறவிட்டது இதைத்தான். அவர்களுடைய நிரலைப் பிரித்துப் பார்த்து வரிக்கு வரி பெயர்த்து எழுதியிருந்தால் கதையே வேறு. அதை நேரில் சொல்லுங்கள், மெயிலில் வேண்டாம்.

கவுண்டர் நோட்டீஸ் வெறும் படிவம் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டப்படியான பத்திரம். தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதியோடு எழுதித் தர வேண்டும். டேட்டா ஃபோல்டர் உள்ளே இருக்க, அதை எப்படி எழுதுவீர்கள்? அதோடு, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதாகவும் சம்மதிக்கிறீர்கள். ஜிடிஏ விளையாட்டின் நிரலைத் திருப்பி எழுதிய ஆர்இ3 குழுவில் கவுண்டர் நோட்டீஸ் கொடுத்தார்கள், முடக்கப்பட்ட நிரலும் தளத்துக்குத் திரும்பி வந்தது. 2021 செப்டம்பரில் ஜிடிஏ-வின் கம்பெனியான டேக்-டூ கலிபோர்னியாவில் வழக்கே போட்டுவிட்டது.

இங்கேயும் லேசானதல்ல. பிரிவு 63-ன்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு ரூபாய் சம்பாதிக்கவில்லை என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

சமரசத்துக்குப் போங்கள். அந்த ஃபோல்டரை எடுத்துவிடுகிறோம், விளையாட்டின் பெயரையும் சின்னத்தையும் மாற்றுகிறோம், பாம்பன் மாடில் அவர்களுடைய படம் இருந்தால் நீக்குகிறோம் என்பதோடு நிறுத்துங்கள். அவர்கள் அனுப்பிய பத்திரத்தின் ஐந்தாவது பத்தி, எஞ்சினின் முழு உரிமையையும் எழுதிக் கேட்கிறது. அங்கே மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் இப்படித்தான் எல்லார் உரிமையும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். கூட எழுதியவர்கள் கொதித்தார்கள், கம்பெனியோ உறுதிமொழி பொய் என்று நஷ்டஈடு கேட்டது. ஒன்பது பேர் எழுதிய நிரல். அவரவர் எழுதியதை அவரவரே எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் மாற்றித் தர முடியும். ஜிபிஎல்-லில் ஏற்கெனவே நகல் எடுத்தவர்களிடமிருந்து நீங்கள் எதையும் திரும்பப் பிடுங்கவும் முடியாது.

டெலிகிராம் குழுவில் அந்த டேட்டா ஃபோல்டர் அடங்கிய ஜிப் கோப்பு இன்னும் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அதை எடுங்கள். ஆனால் நிரலின் பழைய பதிவுகளை அழிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று காட்ட அதுதான் வேண்டும்.