தோட்டத்தில் படமெடுத்த சாம்பல் ஈக்கள்: கேள்வி-பதில்

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இந்த ஈ, வீட்டு ஈயைவிடப் பெரிதாக இருந்தது. இது எந்த இனம்?

பதில்: இது சதை ஈ. சாம்பல் நிற மார்பின் மேல் நீளவாக்கில் மூன்று கரும்பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டு ஈக்கு நான்கு பட்டைகள் இருக்கும். செங்கல் நிறக் கண்களும் சதுரங்கப் பலகை போன்ற வயிறும் இதை உறுதிப்படுத்துகின்றன. அந்தக் கட்டங்கள் உடலின் மேல் படிந்த நுண்ணிய பொடிப் பூச்சில் ஒளி படும் விதத்தால் தோன்றுபவை என்பதால், பார்க்கும் கோணம் சற்று மாறினாலும் கருத்த கட்டம் வெளுக்கும், வெளுத்தது கருக்கும். உங்கள் முதல் படத்தையும் மூன்றாவது படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே ஈயில் இந்த மாற்றத்தை நீங்களே காணலாம்.

இனப்பெயரைச் சொல்ல இயலாது. சார்கோபேஜிடே என்னும் இக்குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 3000 இனங்கள் உள்ளன. அவற்றுள் பலவும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே வல்லுநர்கள் இனம் பிரிக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்துச் சூட்டும் இனப்பெயர் வெறும் ஊகம். அது பூச்சிகளைப் பதிந்துவைக்கும் பதிவேட்டில் ஏறிவிட்டால் பின்னால் வருபவர்களையும் வழிதவறச் செய்யும் என்பதால், குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

கேள்வி: வயிற்றின் நுனி சிவந்திருக்கிறதே, அது கொடுக்கா?

பதில்: இல்லை. பல இனங்களில் ஆணின் பிறப்புறுப்புப் பகுதி இப்படிச் சிவந்திருக்கும். இந்த ஈக்கள் கொட்டுவதில்லை.

கேள்வி: படமெடுப்பதற்காகக் குப்பியில் அடைத்த ஈ, சிறு வெண்புழுக்களை வெளியிட்டது. அதற்கு ஏதேனும் நோயா?

பதில்: நோயன்று. சதை ஈயின் முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால், அது முட்டைக்குப் பதிலாகப் புழுக்களையே இடுகிறது. ஈயை அடையாளம் காண இந்த ஒரு குறிப்பு எனக்குப் பத்துப் படங்களைவிடப் பெரிதும் உதவியது.

கேள்வி: பளபளக்கும் பச்சை ஈயும் சதை ஈதானா?

பதில்: அன்று; அது ஊது ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நிறத்தை நம்ப முடியாதபோது முகத்தை நெருங்கிப் படமெடுங்கள். உணர்கொம்பிலிருந்து நீளும் மெல்லிய முடி ஊது ஈயில் நுனிவரை இறகுபோல் கிளைத்திருக்கும்; சதை ஈக்களில் பெரும்பாலும் அடிப்பாதி மட்டுமே அவ்வாறு இருக்க, மீதி வெறுமையாக நிற்கும்.

கேள்வி: மணலில் வளை தோண்டும் குளவியின் பின்னால் ஒரு சிறு சாம்பல் ஈ விடாமல் பறக்கிறது. அதன் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அருமையான படம். இதுவும் சதை ஈக் குடும்பத்தின் ஒரு கிளைதான். குளவி தன் குஞ்சுக்கெனப் பிடித்துவரும் இரையின் மீதோ வளையிலோ இது தன் புழுக்களை இட்டுவிடும். குளவி சேர்த்த உணவை அவை தின்று வளரும். குளவியும் ஈயும் ஒரே சட்டகத்தில் அமைந்திருப்பதால், படத்தை வெட்டிச் சுருக்காமல் அப்படியே வைத்திருங்கள்.